அடுப்பை அணைக்கும் அரசியல்

(வேதியியல் முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர்)

போர் என்றால் பீரங்கி முழங்க வேண்டும், விமானம் சீற வேண்டும், எல்லையில் குருதி சிந்த வேண்டும் என்றே பள்ளியில் படித்த வரலாறு நமக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் ஒரு குண்டும் வெடிக்காமல், ஒரு சிப்பாயும் எல்லையைத் தாண்டாமல், ஒரு நாட்டை மண்டியிட வைக்க முயலும் போரும் உண்டு. அந்தப் போரில் படைக்கலம் ஒரு லாரி, போர்க்களம் ஒரு சுங்கச் சாவடி, காயம்படுவது சமையலறை. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் விற்கிற நாடு, “இனி இல்லை” என்று கையை விரித்தால் போதும். வாங்குகிற நாட்டில் அடுப்பு அணையும், பேருந்து நிற்கும், மருத்துவமனை தவிக்கும். எரிபொருளை இப்படிச் சாட்டையாகச் சுழற்றுவது சரிதானா? சுழற்றினவனுக்கு அதனால் பயன் உண்டா? பயன் உண்டென்றே வைத்துக்கொண்டாலும் அது அறமாகுமா? இவற்றைப் பற்றி நம் சங்க இதழின் வாயிலாக நண்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் காட்டுவார்கள். அடுத்த தெருச் சண்டையை அலசுவது எளிது. நம் வீட்டு வாசலைப் பெருக்குவதுதான் கடினம். ஆகவே நாம் நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். அந்த வாசலுக்கு அப்பால் இருக்கும் வீடு நேபாளம்.

நேபாளத்தை நாம் எவ்வளவு அறிவோம்? நம் ஊர்த் தெருக்களில் நள்ளிரவில் கோலைத் தட்டிக்கொண்டும் ஊதலை ஊதிக்கொண்டும் போகும் காவற்காரரைப் பெயர் கேட்காமலே “கூர்க்கா” என்று அழைத்துப் பழகிவிட்டோம். கூர்க்கா என்பது நேபாளத்தில் ஒரு மாவட்டத்தின் பெயர் என்பதும், 2015 ஏப்ரல் 25ஆம் நாள் அந்நாட்டை உலுக்கிய நிலநடுக்கத்தின் மையம் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களை அந்த நிலநடுக்கம் கொண்டுபோயிற்று. இலட்சக்கணக்கான வீடுகள் மண்மேடாயின. மக்கள் தகரக் கொட்டகைகளிலும் துணிக் கூடாரங்களிலும் குளிர்காலத்தை எதிர்நோக்கி நின்றிருந்தார்கள். அந்த ஆண்டின் செப்டம்பரில்தான் எல்லை அடைபட்டது.

நேபாளத்தின் நிலையைப் படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும். வடக்கே இமயமலை, அதற்கு அப்பால் திபேத்து. மற்ற மூன்று பக்கமும் இந்தியா. கடற்கரை அறவே இல்லை. அந்நாட்டுக்குக் கப்பலில் வரும் சரக்குப் பெரும்பாலும் கொல்கத்தாத் துறைமுகத்தில்தான் இறங்கும். அங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இந்திய மண்ணில் பயணம் செய்து, பீகாரின் ரக்சௌலைக் கடந்து, நேபாளத்தின் பீர்கஞ்சை அடையும். பெட்ரோலியப் பொருள்கள் அனைத்தையும் நேபாள எண்ணெய்க் கழகம் நம்முடைய இந்தியன் ஆயில் நிறுவனத்திடமிருந்தே வாங்கி வந்தது. ஒரே கடை, ஒரே வழி, ஒரே வாசல். அந்த வாசலில் நிற்பவன் நல்லவனாக இருக்கும்வரை தொல்லையில்லை.

2015 செப்டம்பர் 20ஆம் நாள் நேபாளம் தன் புதிய அரசியல் சட்டத்தை வெளியிட்டது. எட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு பிறந்த சட்டம் அது. ஆனால் தெற்குச் சமவெளியான தராயில் வாழும் மாதேசி மக்களும் தாரு மக்களும் அதனால் மனம் கொதித்தார்கள். மாநிலங்களின் எல்லைகள் தங்களைச் சிறுபான்மையாக்கும்படி வகுக்கப்பட்டன என்பதும், தொகுதிகளின் எண்ணிக்கையில் தங்களுக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்பதும், குடியுரிமை விதிகள் தங்கள் குடும்பங்களைப் பாதிக்கின்றன என்பதும் அவர்களுடைய குறைகள். சட்டம் வெளிவருவதற்கு முன்பே கிளர்ச்சியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அந்தக் குறைகள் பொய்யல்ல. மலைநாட்டார் ஆளுகையில் தங்களை இரண்டாந்தரக் குடிகளாக உணர்ந்த ஒரு மக்களின் குரல் அது. மொழியாலும் பண்பாட்டாலும் தனித்து நின்று உரிமை கேட்ட வரலாறு உடைய தமிழனுக்கு அந்தக் குரல் அன்னியமாக ஒலிக்காது.

சட்டம் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னதாக இந்திய வெளியுறவுச் செயலாளர் காட்மாண்டுவுக்குப் போய்ச் சற்றே பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். நேபாளத் தலைவர்கள் கேட்கவில்லை. அடுத்த சில நாட்களில் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. மாதேசிக் கிளர்ச்சிக்காரர்கள் ரக்சௌலுக்கும் பீர்கஞ்சுக்கும் இடையே உள்ள பாலத்தின்மீது அமர்ந்திருந்தனர். “முற்றுகை எதையும் நாங்கள் போடவில்லை, ஓட்டுநர்கள் உயிருக்கு அஞ்சிப் போக மறுக்கிறார்கள்” என்றது புது டில்லி. “கிளர்ச்சி நடக்காத சாவடிகளிலும் எண்ணெய் வண்டிகள் நகரவில்லையே, அது ஏன்?” என்று கேட்டது காட்மாண்டு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் எங்கும் இல்லை. ஆனால் காட்மாண்டுவில் அடுப்பு மூட்ட வழியின்றி நின்ற தாய்க்குத் தீர்ப்பு ஒன்று இருந்தது. அது இந்தியாவுக்குச் சாதகமாக இல்லை.

ஏறத்தாழ நாலரை மாதம் அந்த நிலை நீடித்தது. எரிவாயு உருளைக்காக நாட்கணக்கில் வரிசை நின்றார்கள். தலைநகரத்தில் அரசாங்கமே விறகு விற்றது. பேருந்தின் கூரைமீது மக்கள் தொற்றிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் கள்ளச் சந்தையில் பலமடங்கு விலைக்குப் போயிற்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் எரிபொருள், உணவு, மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் பற்றாக்குறையால் அந்தக் குளிர்காலத்தில் நோய்க்கும் சாவுக்கும் ஆளாகும் ஆபத்து இருப்பதாக 2015 நவம்பர் இறுதியில் யூனிசெப் எச்சரித்தது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குக் கட்டடப் பொருள் ஏற்றிச் செல்ல வண்டிக்கு எண்ணெய் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாருடைய உரிமைக்காக எல்லை அடைபட்டதோ, அந்த மாதேசி மக்கள் வாழும் தராய்ச் சமவெளியும் தப்பவில்லை. அங்கேதான் கடைகள் மூடிக் கிடந்தன. பீர்கஞ்சைச் சுற்றியுள்ள ஆலைகள் ஓய்ந்தன. பள்ளிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பசித்தவனுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று சொல்லி அவன் வீட்டு உலையையும் சேர்த்துக் கவிழ்த்த கதை இது.

சரி, பலன் என்ன? 2016 சனவரியில் நேபாளம் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. மக்கள் தொகைக்கேற்பத் தொகுதி, அரசுப் பணியில் விகிதப் பங்கு என்று சில மாற்றங்கள் வந்தன. அந்த அளவுக்குச் சாட்டை வேலை செய்தது என்று சொல்லலாம். ஆனால் மாதேசித் தலைவர்கள் முதன்மையாகக் கேட்ட மாநில எல்லை மாற்றம் வரவில்லை. பிப்ரவரியில் முற்றுகை தானாகவே தளர்ந்தது. மார்ச்சில் நேபாளப் பிரதமர் கே.பி. ஒலி பீகிங்குக்குப் போய்ச் சீனத்தோடு போக்குவரத்து உடன்படிக்கை செய்துகொண்டு வந்தார். 2019இல் அதன் விதிமுறைகள் கையெழுத்தாயின. சீனத்தின் நான்கு கடல் துறைமுகங்களை நேபாளம் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதப்பட்டது. 2017 தேர்தலில் ஒலியின் கட்சி, முற்றுகைக்குத் தலை வணங்காத தேசியம் என்ற கொடியைப் பிடித்தது. அது இருந்த இடதுசாரிக் கூட்டணி 275 இடங்களில் 174ஐ வென்றது. எந்த மனிதரை வளைக்கச் சாட்டை எடுக்கப்பட்டதோ, அந்த மனிதருக்கே அது மாலையாகிவிட்டது!

“வேலியே பயிரை மேய்ந்தது” என்ற பழமொழியை நேபாளத்தார் நம்மைப் பார்த்துச் சொல்ல நேர்ந்தது முதல் முறையுமல்ல. 1989 மார்ச்சில் வாணிப, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானபோது, இரண்டே இரண்டு வாசல்களை விட்டு மற்ற எல்லை வாசல்கள் எல்லாவற்றையும் இந்தியா மூடியது. நேபாள மன்னராட்சி சீனத்திடம் ஆயுதம் வாங்கியது அந்த மனக்கசப்புக்கு ஒரு காரணம். ஓராண்டுக்கு மேல் அந்த நெருக்கடி நீடித்தது. 1990 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சி கட்சியில்லா ஆட்சி முறையைக் கவிழ்த்ததற்கு அந்த நெருக்கடியும் ஒரு துணையாயிற்று என்பார்கள். இருக்கலாம். ஆயினும் இருபத்தைந்து ஆண்டு கழித்து 2015இல் எல்லை அடைபட்டபோது, நேபாளத்தின் முதியோர் வாயில் முதலில் வந்த சொல் “மறுபடியுமா?” என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆட்சி முறையின் வீழ்ச்சியை யாரும் இந்தியாவின் கொடையாக நினைக்கவில்லை. விறகு தேடி அலைந்த நாட்களையே நினைவில் வைத்திருந்தார்கள்.

வேதியியல் மாணவர்களுக்கு லெ சாட்டலியரின் விதி பழக்கமானது. சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பின்மீது வெளியிலிருந்து அழுத்தம் செலுத்தினால், அந்த அழுத்தத்தைக் குறைக்கும் திசையிலேயே அமைப்பு நகரும் என்பது அதன் சாரம். நாடுகள் சோதனைக் குடுவையில் இருப்பவையல்ல. உவமையை உவமையாகவே கொள்ளவேண்டும். ஆயினும் எரிபொருளை நிறுத்தி அழுத்திய இடங்களில் எல்லாம், அழுத்தப்பட்ட நாடு பணிந்து நின்றதைவிட, அழுத்தம் எட்டாத இடத்துக்கு மெல்ல நகர்ந்ததையே வரலாறு காட்டுகிறது.

லித்துவேனியாவைப் பாருங்கள். பால்டிக் கடலோரத்தில் முப்பது இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட சிறு நாடு. 1990 மார்ச் 11ஆம் நாள் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தது. ஏப்ரலில் மாஸ்கோ அதற்கு எண்ணெயை நிறுத்தியது. எரிவாயுவை வெகுவாகக் குறைத்தது. இரண்டரை மாதம் அந்நாடு திணறியது. விடுதலை அறிவிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் இசைந்தது. மாஸ்கோ வென்றது போலத்தான் தோன்றியது. பின் நடந்தது என்ன? கடல் வழியே எண்ணெய் இறக்க 1999இல் பூட்டிங்கேயில் ஒரு முனையம் கட்டினார்கள். 2014இல் கிளைப்பேடாத் துறைமுகத்துக்குத் திரவ எரிவாயுவைத் தாங்கும் பெரிய மிதவைக் கப்பல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பலுக்கு அவர்கள் வைத்த பெயர் “விடுதலை”! 2022இல் ரஷ்ய எரிவாயு வாங்குவதையே நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூன்றும் ரஷ்ய மின் வலையிலிருந்து கம்பியைத் துண்டித்துக்கொண்டு ஐரோப்பிய வலையோடு இணைந்தன. முப்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. ஆனால் ஒரு முடிச்சு விடாமல் அவிழ்த்துவிட்டார்கள். 1990இன் அந்த இரண்டரை மாதம் இல்லாவிட்டால் இவ்வளவு பிடிவாதம் பிறந்திருக்குமா?

ஐரோப்பாவும் அப்படித்தான். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் நூற்றுக்கு 45 பங்கு ரஷ்யாவுடையது. உக்ரேன் போரை ஒட்டி ரஷ்யா குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கியது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் தவித்தன; விலை விண்ணை முட்டியது. ஆனால் 2024இல் அந்தப் பங்கு நூற்றுக்கு 20க்கும் கீழே இறங்கிவிட்டது. அரை நூற்றாண்டு உழைத்துத் தேடிய வாடிக்கையை மூன்றே குளிர்காலத்தில் இழந்தது மாஸ்கோ.

நேபாளமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று அந்நாட்டுக்குள் புதிதாக வரும் கார்களில் பெரும்பகுதி மின்கலத்தில் ஓடுபவை. அவற்றுள் மிகப் பல சீனத்தில் செய்யப்பட்டவை. வரிச் சலுகை, பெருகிவரும் நீர்மின்சாரம் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் 2015இன் நினைவும் அந்தக் காரணங்களோடு சேர்ந்து நிற்கிறது. பெட்ரோலுக்காக இன்னொருவன் வாசலில் நிற்கக்கூடாது என்று முடிவு செய்த மக்களுக்கு, சொந்த ஆற்றில் பிறக்கும் மின்சாரம் தன்மானமாகவும் தோன்றுகிறது.

இதைக் கேட்டு நண்பர் ஒருவர் மறுக்கலாம். “நேபாளம் இன்றும் இந்தியாவிடம்தானே எண்ணெய் வாங்குகிறது? இமயத்தைச் சுமந்துகொண்டு அப்பால் போய்விட முடியுமா? 2019இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சு வரை 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயும் போட்டாகிவிட்டதே!” உண்மை. சீனத் துறைமுகங்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கின்றன. மலைப்பாதை வெள்ளத்திலும் மண்சரிவிலும் அடிக்கடி சிதைகிறது. புவியியலை எந்த உடன்படிக்கையாலும் மாற்ற முடியாது. நேபாளத்துக்கு இந்தியா தேவை. அது என்றும் இருக்கும். நான் சொல்வது இதுதான்: தேவை வேறு, நம்பிக்கை வேறு. தேவையினால் வருகிற வாடிக்கையாளன், வேறு கடை திறந்த அன்றே போய்விடுவான். நம்பிக்கையினால் வருகிறவன் நாலு காசு கூடக் கொடுத்தும் வருவான். தேவையை மட்டும் பெருக்கி நம்பிக்கையைச் செலவழிப்பது வட்டிக்கடைக்காரன் செய்கிற வேலை. அயலானுக்கு அது அழகல்ல.

இன்னொரு நண்பர் கேட்கலாம்: “அப்படியானால் எந்த நாட்டோடும் வாணிபத்தை நிறுத்தவே கூடாதா? படையெடுத்தவனுக்கும் பொருளை விற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா? தன் பொருளை யாருக்கு விற்பது என்பது விற்பவன் உரிமையல்லவா?” நல்ல கேள்வி. ஆயுதம் விற்க மறுப்பதும், ஆளுவோர் செல்வத்தை முடக்குவதும், பிறர் நாட்டின்மீது படையெடுத்தவனோடு வாணிபத்தை முறிப்பதும் வேறு. கடலில்லாத நாட்டின் அடுப்புக்குப் போகும் எண்ணெயைத் தடுப்பது வேறு. முன்னது அரசைத் தாக்குகிறது; பின்னது வீட்டைத் தாக்குகிறது. மேலும், கடலில்லாத நாட்டுக்குக் கடலை அடையும் உரிமையும், இடையிலுள்ள நாட்டின் வழியே சரக்குக் கொண்டுபோகும் உரிமையும் உண்டு என்று 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை சொல்கிறது. வழி என்பது வழங்குபவனின் தயவு அல்ல, போகிறவனின் உரிமை.

இதையெல்லாம் மற்ற நாடுகளுக்குப் போதிப்பதற்கு முன் இந்தியாவுக்கு நினைவூட்ட வேண்டிய ஒரு கதை உண்டு. நாமே சாட்டையின் மறுமுனையில் நின்ற கதை அது. 1965இல் மழை பொய்த்தது. அமெரிக்கா பி.எல். 480 திட்டத்தில் அனுப்பிய கோதுமையை நம்பித்தான் நம் பங்கீட்டுக் கடைகள் நடந்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், நீண்டகால உடன்படிக்கையை மறுத்து, மாதா மாதம் அளந்து அளந்து கப்பலை விடுத்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு கட்டளை. வியட்நாமைப் பற்றி இந்தியா வாய் திறந்து பேசியது அவருடைய இன்னொரு வருத்தம். கப்பலிலிருந்து இறங்குவது நேரே வாய்க்குப் போகும் நிலை. திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது.

அந்த அவமானத்தை இந்தியா மறந்ததா? இல்லை. பொள்ளாச்சித் தமிழர் சி. சுப்பிரமணியம் அப்போது உணவமைச்சர். அமெரிக்கா கேட்ட மாற்றங்களில் பலவற்றை அவரும் விரும்பியவர்தாம். ஆனால் அவற்றை இந்தியாவின் தேவையாக்கிக் காட்டினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1964-65இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71இல் 2.38 கோடி டன்னாயிற்று. அத்தோடு அமெரிக்கக் கோதுமையின் பிடி தளர்ந்தது. 1974இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா தன் அணு உலை உதவியை நிறுத்தியபோதும் இதே கதைதான். நம்மவரே வடித்துக் கட்டிய உலை 1983இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிற்று. அழுத்தினார்கள், நாம் நகர்ந்தோம். நம்முடைய தன்மானத்தைப் பெருமையோடு பாடப் புத்தகத்தில் எழுதுகிறோம். அதே தன்மானம் நேபாளத்தானுக்கு இருக்கக்கூடாதா? நாம் பசித்திருந்தபோது பொல்லாததாயிருந்த சாட்டை, நம் கைக்கு வந்ததும் நல்லதாகிவிடுமா?

இனி நம் வாசலுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. இதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் இரு நாட்டு மின் வலைகளையும் இணைக்கும் உயர் அழுத்த நேர்மின் தொடர் ஒன்றுக்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. அந்தக் கம்பி என்றைக்குப் போடப்பட்டாலும், தமிழ் மண்ணிலிருந்து புறப்பட்டுக் கடலைத் தாண்டித்தான் அக்கரை சேர வேண்டும். ஆகவே, நேபாளத்தைப் பற்றிய பேச்சு நமக்கு வெறும் வடநாட்டுச் செய்தியல்ல.

சற்றே எண்ணிப் பாருங்கள். கம்பி போட்டாயிற்று, மின்சாரம் ஓடுகிறது. ஒரு நாள் இராமேசுவரத்து மீனவர்கள் படகோடு சிறைபிடிக்கப்படுகிறார்கள். நம் நெஞ்சு கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். அன்று மேடையில் ஒருவர் எழுந்து முழங்குவார்: “நிறுத்து மின்சாரத்தை! அணையட்டும் அவர்கள் விளக்கு!” கைதட்டல் வானைப் பிளக்கும். கைதட்டுகிறவர்களில் நாமும் இருப்போமா? அந்த விளக்கின் கீழ் படித்துக்கொண்டிருப்பவள் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தமிழ்ச் சிறுமியாக இருக்கலாம். தராயில் மாதேசியின் உலை கவிழ்ந்தது போல, அங்கே முதலில் அணைவது நம்மவர் விளக்காகவே இருக்கலாம். சரி, நம்மவர் இல்லை, காலியில் ஒரு சிங்களச் சிறுமி என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகைப் பிடித்தவள் அவளா? குழந்தையின் விளக்கில் கணக்குத் தீர்க்கும் வீரம் தமிழனுக்கு வேண்டாம்.

தமிழ்நாடு வேறொன்றையும் செய்து காட்டியிருக்கிறது. 2022இல் இலங்கை எண்ணெயின்றி, மருந்தின்றி, வரிசையில் நின்று வாடியபோது, இந்திய அரசாங்கம் எரிபொருள் வாங்க முதலில் 50 கோடி டாலர் கடன் வசதி கொடுத்தது, மேலும் கொடுத்தது. அந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. இன்ன இனத்தார்க்கு மட்டும் என்று அந்த மூட்டைகளில் எழுதியிருக்கவில்லை. இலங்கையின் எல்லா மக்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. முப்பது ஆண்டுப் போரும் ஆறாத புண்ணும் நடுவில் இருந்தும் அதைச் செய்தோம். ஒரு கப்பல் அரிசியால் பழங்கணக்கு தீர்ந்துவிடாது. ஆனால் அடுத்த தலைமுறை நம்மைப் பற்றி என்ன பேசும் என்பதை அந்தக் கப்பல் சிறிதேனும் தீர்மானித்திருக்கும். கொடுத்த கையை மறக்கிறவர்கள் உண்டு. அடுப்பை அணைத்த கையை மறக்கிறவர்கள் இல்லை.

குறை சொல்லிவிட்டு ஓடுவது மாணவனுக்கு அழகல்ல. என் எண்ணத்தில் பட்ட வழிகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கொடுக்கல் வாங்கல் இரு வழியிலும் ஓட வேண்டும். நேபாளத்து ஆறுகளில் மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. வறண்ட காலத்தில் குறைகிறது. பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் வரை நேபாள மின்சாரம் வாங்குவதென்று 2024 சனவரியில் இந்தியா உடன்படிக்கை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் நேபாள மின்சாரம் இந்தியக் கம்பி வழியே வங்காள தேசத்துக்கும் போயிற்று. 40 மெகாவாட்தான், ஆனால் மூன்று நாடுகளும் ஒரு கம்பியில் கோக்கப்பட்டன. வாங்குகிறவன் விற்கிறவனாகவும், விற்கிறவன் வாங்குகிறவனாகவும் மாறிவிட்டால் சாட்டைக்கு இடமில்லை; இருவர் கையிலும் இருப்பது ஒரே கயிறு.

இரண்டாவது, வாங்குகிற உரிமையையும் சாட்டையாக்கக்கூடாது. சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ தொட்ட நேபாள நிலையத்தின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. பாதுகாப்புக் கருதிய முடிவு என்கிறார்கள். இரு நாடுகளுக்கும் இடையே இருக்கும் எல்லைத் தகராறை நினைத்தால் அந்த அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இன்னின்னது ஆகாது என்பதை உடன்படிக்கையிலேயே தெளிவாக எழுதி, நிலையம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை. கட்டி முடித்தபின் கதவைச் சாத்துவது நேர்மையாகாது.

மூன்றாவது, அடுப்பெரிக்கும் எண்ணெய், எரிவாயு, மருந்து, மருத்துவமனைக்கான மின்சாரம் ஆகியவற்றை எந்த அரசியல் சச்சரவிலும் நிறுத்துவதில்லை என்று அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். போரிலே கூட மருத்துவ வண்டியைச் சுடுவதில்லை என்று உலகம் விதி செய்திருக்கிறது. அமைதியில் அந்த அளவு இரக்கம் கூடாதா? இலங்கைக் கம்பிக்கான முழு உடன்படிக்கை எழுதப்படும்போது இப்படி ஒரு விதி அதில் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் தமிழர்கள்.

திருவள்ளுவர் பொருட்பாலில் “வலியறிதல்” என்று ஓர் அதிகாரமே வைத்தார். வலிமை இருப்பது பெருமையல்ல. அதன் அளவையும் எல்லையையும் அறிவதே அரசியல் என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. இந்தியா பெரிய நாடு. அதன் நிழல் நாலு பக்கமும் விழுகிறது. அந்த நிழல் ஆலமரத்து நிழலாக இருந்தால் வழிப்போக்கன் வந்து அமர்வான். ஓங்கிய கையின் நிழலாக இருந்தால் ஓடி ஒளிவான். நாளை நம்மில் சிலர் பொறியாளராகி அந்தக் கம்பிகளை இழுக்கப் போகிறோம். சிலர் ஆட்சிப் பணியில் அமர்ந்து அந்த உடன்படிக்கைகளை எழுதப் போகிறோம். எஞ்சியோர் வாக்களிக்கப் போகிறோம். மேடைப் பேச்சுக்குக் கைதட்டவோ, தட்டாமல் இருக்கவோ போகிறோம். அண்டை வீட்டின் அடுப்பை அணைத்துத்தான் நம் வலிமையைக் காட்ட வேண்டும் என்று யாரேனும் சொல்லும் நாளில், நம் கைகள் சும்மா இருக்கட்டும். நம் வாய் திறந்து “கூடாது” என்று சொல்லட்டும்.